பி.அ. என்றால் பிரியாத அன்பு

வளரும் கலைஞர்களை அறிமுகப்படுத்துவது என் பகுதிநேர வேலை. வளர்வது அவர்களுடைய முழுநேர வேலை. முப்பத்தைந்து வயது வரை வளரலாம் என்று எங்கள் கலைக்கூடத்தில் விதி. அதற்கு மேல் வளர்ந்தால் மூத்த கலைஞர். நடுவில் தங்க இடமில்லை.

காலையில் எனக்குக் கல்லூரி, மதியத்துக்கு மேல் கலைக்கூடம். கண்காட்சிக்குத் தேர்வான ஒவ்வொருவரையும் மாடி அறையில் உட்கார வைத்து அரைமணி நேரம் பேசுவேன். பிறகு படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்ட ஒரு பக்கத்துக்கு அறிமுகக் குறிப்பு எழுதுவேன். அதுவே கையேட்டிலும் அச்சாகும். அச்சுக்குப் போகும் முன் கலைஞர் அதைப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சிற்பி, தன்னை நான் உருண்டையானவர் என்று எழுதிவிட்டதாகச் சண்டைக்கு வந்த பிறகு இந்த ஏற்பாடு. நான் சொன்னது அவர் செய்த பானைகளை.

இந்த வேலைக்கு நிறைய வினைச்சொல் தேவைப்படாது. ஒரு படம் விசாரிக்கும், உரையாடும், கேள்விக்கு உட்படுத்தும். ஒன்றுமே செய்யாமல் சும்மா தொங்கினால் மௌனிக்கும். இந்த வருடம் ஒரு பெண், குளியலறை வடிகாலில் அடைத்த முடியை எடுத்து அலசி, அதையே நூலாக்கி, தான் வாடகைக்குக் குடியிருந்த வீடுகளின் வரைபடங்களைக் கைக்குட்டைகளில் தைத்திருந்தாள். சத்தியமாக நன்றாக இருந்தது. இன்னொருவர் பதினேழு நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். கால் வலித்ததால், "உட்காரலாமா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்தா அது நாற்காலி ஆயிடும்" என்றார்.

அதையே எழுதிக்கொண்டேன். அரைமணி நேர வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மூன்றாவதாக வந்தவன் தாடி. அவனுக்கு முன் அவனுடைய படங்கள் வந்தன.

ஆணியடிப்பவர் கட்டைப் பிரித்து, பத்துத் துணிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தார். வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அவற்றின் மேல் பழுப்பிலும் கருப்பிலும் உருவங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. தூங்குகிற பெண்ணின் கழுத்து. ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு ஆளின் முதுகு.

அந்த முதுகு எனக்குத் தெரியும். அது என் அப்பாவுடையது.

"என்ன மேடம், தீஞ்ச வாடை அடிக்குது" என்றார் ஆணியடிப்பவர்.

"அது படைப்போட வாசனை" என்றார் மேடம். கலைக்கூடத்தை நடத்துகிறவர் அவர்தான். என்னைக் கவிஞரே என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு வரிக் கவிதைகூட எழுதியதில்லை. ஆனால் சொன்னால் வேலை போய்விடும். "கவிஞரே, இதுக்குக் கொஞ்சம் கனமா எழுதுங்க. சுவர் ரொம்ப வெள்ளையா இருக்கு. பல் டாக்டர் ஒருத்தர் வேற போட்டோவைப் பார்த்துட்டு, பத்தையும் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். கண்காட்சி முடிஞ்ச மறுநாள் லாரி வந்துடும்."

கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தாடியின் பெயர் இருந்தது.

அந்தப் பத்துத் துணியும் என் அக்காவுடையவை. அவள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறாள். மருத்துவமனைத் துணிகள். கிழிந்து கழித்த விரிப்புகளைத் தரை துடைக்கக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அவற்றில் நல்லதாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவளுக்குத் தூரிகை கிடையாது. இஸ்திரிப் பெட்டிதான். சூடான பெட்டியைத் துணியில் வைத்து மூன்று எண்ணினால் தேன் நிறம். ஐந்து எண்ணினால் பழைய மேசை நிறம். ஏழு எண்ணினால் கரி. எட்டு எண்ணினால் ஓட்டை. பெட்டியின் மூக்கால் கண்ணிமை போடுவாள், விளிம்பால் முதுகெலும்பு போடுவாள். அப்பா ஏணியிலிருந்து விழுந்து நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, அதே வார்டின் விரிப்பு ஒன்று அவள் மேசைக்கு வந்தது. அதில் அப்பாவின் முதுகைப் போட்டாள். அப்பா இப்போது நடக்கிறார். ஏணியைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறார்.

தாடி அவளோடு மாலை நேர ஓவிய வகுப்பில் படித்தவன். பெரிய இடத்தில் காட்டித் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று பத்தையும் வாங்கிப் போனான். அதன் பிறகு ஏழு மாதம் போன் எடுக்கவில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் நான் விடுதியில் இருந்தேன். அதனால் அவனுக்கு என்னைத் தெரியாது. வந்தபோதெல்லாம் என் தட்டில்தான் சாப்பிட்டான் என்று அம்மா பிறகு சொன்னாள். படம் திருடியதையாவது கலை என்று சொல்லிப் பார்க்கலாம். தட்டுக்கு என்ன சொல்வான்?

அன்று மாலை அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். மறுநாளைக்கான சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"பத்தும் இருக்கா?"

"பத்தும் இருக்கு."

"மடிச்சு வெச்சிருந்தானா, சுருட்டி வெச்சிருந்தானா?"

"சுருட்டி."

"அதுவரைக்கும் புத்தி இருந்திருக்கு" என்றாள். "நாளைக்கே போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"கேட்டா குடுப்பாங்களா? உன்கிட்ட போட்டோ இருக்கா? கையெழுத்து இருக்கா?"

"பதினாலு இருக்கே."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தச் சலவை நிலையத்தில் ஒவ்வொரு துணியின் மூலையிலும் அழியாத மையில் ஒரு மார்க் இருக்கும். வார்டு பெயரின் முதலெழுத்துகளும் கட்டில் எண்ணும். கழித்த துணியை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனால், கூடவே அந்த ஆளின் எண்ணையும் எழுதினால்தான் வாசலில் காவலாளி விடுவார். எழுதுகிறவருக்கு மை மாமா என்று பெயர். யாருக்கும் அவர் மாமா இல்லை. மை மட்டும் உண்மை. அக்கா அங்கே பதினாலாம் எண். அதனால் அவள் படங்களில் கையெழுத்தே போடுவதில்லை.

"அக்கா, நீ போய் நின்னா அது உன் வார்த்தை, அவன் வார்த்தைன்னு ஆயிடும். அவன் தாடி வெச்சிருக்கான், நீ டப்பா வெச்சிருக்கே. யாரை நம்புவாங்க? பன்னெண்டு நாள் குடு. அவன் வாயால எல்லாத்தையும் சொல்ல வெச்சு, எழுதி, கையெழுத்து வாங்கிடறேன்."

"பன்னெண்டு நாள் என் துணி அவன் பேர்ல தொங்கணுமா?"

"விழறவன் உசரத்துல இருந்து விழட்டுமே."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு என் துணி வேணுமா, அவன் வேணுமா?"

"ரெண்டும்."

"எனக்குத் துணி போதும்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் மாடி அறையில் தாடி வந்து உட்கார்ந்தான். கசங்கிய சட்டை. அதில் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கலைக்கூடத்தில் எல்லாருமே கொள்கைப்படி கசங்கித்தான் வருவார்கள். பத்து விரிப்பும் நாள்கணக்கில் கண்முன்னால் தொங்கியும் ஒருவருக்கும் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வராததற்கு இதுதான் காரணம். தன் சட்டையை ஒருமுறையாவது தானே தேய்த்துத் தீய்த்துக்கொண்டவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பான்.

"கேளுங்க தம்பி" என்றான்.

"இந்தப் பழுப்பு நிறம் எப்படிண்ணா வருது?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அக்கா அவனிடம் அதைச் சொன்னதே இல்லை. அவனும் கேட்டதில்லை. "அது… உள்ளேயிருந்து வர்றது."

"தேநீரோன்னு நினைச்சேன்."

"தேநீர்னும் சொல்லலாம்."

"சொல்லலாமா, சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"நீங்க என்ன போடுவீங்க?"

"பதினோரு மணி நேரம்னு போட்டா நல்லா இருக்கும்ணா. பத்துன்னா ரவுண்டா இருக்கு, சந்தேகம் வரும்."

"போடுங்க."

"தூரிகையாலயா, விரலாலயா?"

"நீங்க எது நல்லதுன்னு…"

"விரல். தூரிகையை நீங்க ஒரு வன்முறையா பார்க்கறீங்க."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். தன்னைப் பற்றி முதன்முதலாக அறிந்துகொள்கிற ஒருவனின் அடக்கம் முகத்தில் இருந்தது. நான் பேனாவை மூடிவிட்டு, சும்மா கேட்பதுபோல, மூலையில் இருக்கும் எழுத்துகளைப் பற்றிக் கேட்டேன். பி.வா., க.வா., எ.மு., பி.அ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண்ணும், பிறகு பதினாலும்.

"அது ரொம்ப அந்தரங்கம் தம்பி."

"எழுத வேணாம்னா விட்டுடறேன். ஆனா பல் டாக்டர் அதைத்தான் கேக்கறாராம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பு இருந்தா வீட்டுல மாட்ட வசதின்னு."

அவன் கண்ணை மூடினான். அரை நிமிடம் கழித்து, "பி.வா. — பிரிந்த வாசல்" என்றான்.

"ஆஹா" என்றேன். எழுதினேன்.

"க.வா. — கனவின் வாசம்."

"எ.மு.?"

அதற்கு மட்டும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டான். "எல்லையற்ற முத்தம்."

அப்பாவின் முதுகுப் படம் அது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். "அந்த முதுகு யாரோடதுண்ணா?"

"என்னை விட்டுட்டுப் போனவளோடது."

"கொஞ்சம் அகலமா இருக்கே."

"நினைவு அகலமாத்தான் இருக்கும்."

அந்த வரி நன்றாக இருந்ததால் அதையும் சேர்த்துக்கொண்டேன். பி.அ. என்பது பிரியாத அன்பு. கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு இருக்கும் படம். பதினாலு? பதினாலு வயதில்தான் தனக்குக் கலை வந்ததாம். எல்லா எழுத்தும் அவன் கையால் எழுதியதுதானே என்று கேட்டேன்.

"வேற யாரு வந்து எழுதுவா?"

இரண்டு நாளில் குறிப்பு தயாரானது. பாதி ராட்சச வேகத்தில் எழுதினேன். மீதிப் பாதி, படங்களைப் பற்றிய இடம், தானாக வந்தது. 'துணி என்பது உடம்பைத் தொட்ட பிறகும் உடம்பை மறக்காத ஒன்று என்று இந்தப் படங்கள் நம்புகின்றன.' இதை அவனுக்காக எழுதவில்லை. ஆனால் அவன் பெயருக்குக் கீழேதான் எழுதினேன். வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது பத்தி இப்படி இருந்தது:

'மூலையில் உள்ள எழுத்துகள் பிறர் கை படாதவை. ஒவ்வொரு படமும் முடிந்த பிறகு, அழுது முடித்து, கலைஞர் தன் கையால் அவற்றை எழுதுகிறார்.'

தாடி அந்த இடத்தில் நின்றான். "அழுதேன்னு போடணுமா?"

"வேணாம்னா எடுத்துடறேன்ணா."

"இருக்கட்டும்" என்று சொல்லி நான்கு பத்திக்கும் கையெழுத்துப் போட்டான்.

நகலை அன்று மாலை அக்காவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். எ.மு. வந்ததும் தாளை மேசையில் வைத்தாள்.

"அப்பா முதுகை முத்தம்னு சொன்னானா?"

"எல்லையற்ற."

"அது எலும்பு முறிவுடா."

"அது அவனுக்குத் தெரியலையே."

உள்ளே அப்பா இருமினார். அக்கா தாளை எடுத்து நான்காக மடித்தாள். அவள் மடித்தால் முனைகள் ஒரு நூல்கூட விலகாது. "எனக்குத் துணி போதும்னு சொன்னேன்ல? இப்ப சொல்லலை" என்றாள். "அவன் எத்தனை மணிக்குப் பேசறான்?"

"சனிக்கிழமை நாலு மணிக்கு."

"எனக்கு மூணு மணிக்கு ஷிப்ட் முடியுது."

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பல் டாக்டர் மனைவியோடு வந்திருந்தார். மணநாளுக்கு மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கவே பத்தையும் வாங்குவதாக அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிரியாத அன்பைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டப் போகிறார்களாம். தாடி ஒலிவாங்கியைப் பிடித்து, என் குறிப்பை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தூரிகை என்கிற வன்முறைக்கு வந்தபோது கதவு திறந்தது.

நீலச் சீருடையில் ஒன்பது பெண்களும் ஒரு கிழவரும் உள்ளே வந்தார்கள். கூடத்தில் கசங்காத உடை அந்தப் பத்துப் பேருடையதுதான். முன்னால் அக்கா. கையில் ஒரு துணிப்பை. தாடி அவளைப் பார்த்தான். பதினோரு மணி நேரம் என்பதை ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டுத் திருத்தினான். மனப்பாடம் செய்தவனால் நடுவில் நிறுத்த முடியாது, பாவம், தொடர்ந்தான்.

அந்தக் கிழவர்தான் மை மாமா. அவர் பேச்சைக் கேட்கவில்லை. துணியைக் கண்டதும் முப்பது வருடப் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, முதல் படத்தின் மூலையைப் பிடித்து, வேலையில் கூவுவதுபோலவே கூவினார்.

"பிரசவ வார்டு, மூணு. பதினாலு."

மேடம் ஓடிவந்தார். "சார், தொடாதீங்க. அது கலைஞரோட உள்மொழி."

"கண் வார்டு, ஒன்பது. பதினாலு." அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். "எலும்பு முறிவு, இருபத்தொண்ணு. பதினாலு. அட, இது உங்கப்பா படுத்திருந்த கட்டில்மா."

யாரோ சிரித்தார்கள். தாடி ஒலிவாங்கியைக் கீழே இறக்கினான்.

"பி.அ. பிண அறை, ரெண்டு. பதினாலு."

பல் டாக்டரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். மணநாள் எப்படிப் போகும் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு மை மாமாவிடம் மெதுவாக, "நல்லா அலசினதுதானே?" என்று கேட்டார்.

"மூணு தண்ணிம்மா. நாலாவது கொதிநீர்."

மேடத்துக்கு இன்னும் விட மனமில்லை. "பெரியவரே, இந்த எழுத்தை எல்லாம் கலைஞர் தன் கையால எழுதியிருக்கார்."

"யாரும்மா அந்தக் கலைஞர்? இது என் கையெழுத்து. நான் 'மு' போட்டா கால் வளைஞ்சுதான் இருக்கும். காக்காய் உட்கார்ந்த மாதிரி. முப்பது வருஷமாத் திட்டு வாங்கறேன், மாறலை."

அப்போதுதான் தாடி சுதாரித்தான். அவனைக் குறைத்து எடைபோட்டுவிட்டேனோ என்று எனக்கே பயம் வந்தது. குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "ஆமா. இது கண்டெடுத்த துணி. சமூகம் கழிச்சுப் போட்டதை நான் கையகப்படுத்தறேன். அந்த எழுத்தும் அப்படித்தான். அதுதான் இதோட கருத்தே."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மேடத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கலைக்கூடத்தில் ஒரு பொய்க்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; பாதி வாசலை நான்தான் திறந்து வைத்திருக்கிறேன். பையிலிருந்து அவன் கையெழுத்திட்ட தாளை எடுத்து மேடத்திடம் கொடுத்தேன். "மூணாவது பத்தி மேடம்."

அவர் சத்தமாகவே படித்தார். "பிறர் கை படாதவை. அழுது முடித்து, தன் கையால்." நிமிர்ந்து, "அழுதீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

தாடி என்னைப் பார்த்தான். "தம்பி, நீதானே எழுதினே."

"நீங்கதானேண்ணா கையெழுத்துப் போட்டீங்க."

அக்கா துணிப்பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அதன் கைப்பிடியிலும் பதினாலு என்று மையில் எழுதியிருந்தது. பெட்டியையும் மார்க் போட்டுத்தான் வாசலைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"இது ரெண்டு வருஷம் முன்னாடி கீழே விழுந்துச்சு" என்றாள், கூடத்தைப் பார்த்தல்ல, மேடத்தைப் பார்த்து. "மூக்குல ஒரு சில்லு போயிடுச்சு. இதால எங்க வெச்சாலும் அந்த இடத்துல மட்டும் வெள்ளை விழும். வந்து பாருங்க."

ஆறிய பெட்டியை அப்பாவின் தோளில் வைத்தாள். தீய்ந்த தடத்தில் அது காலுக்கு அளவெடுத்த செருப்பாகப் பொருந்தியது. நுனியில் சில்லு போன இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. எடுத்து விலா எலும்பில் வைத்தாள். இடுப்பில் வைத்தாள். தடம் தடமாக, எந்த வரிசையில் போட்டாளோ அந்த வரிசையில், முதுகின் மேலே போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் உதட்டுக்குள் எண்ணினாள். மூன்று. ஐந்து. மூன்று. ஏழு. கூட வந்த எட்டுப் பெண்களும் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

முடித்ததும் பெட்டியைத் தாடியிடம் நீட்டினாள். "நீ ஒண்ணு வெச்சுக் காட்டு."

அவன் வாங்கவில்லை. பிளக் பாயின்ட் எங்கே என்றுகூடக் கேட்கத் தெரியாதவன்போல நின்றான். நான் அவனுடைய முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள் காத்திருந்தது அதற்குத்தான்.

மேடம் நடைமுறை தெரிந்தவர். ஐந்து நிமிடத்தில் அக்காவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். படங்கள் அக்கா பெயரிலேயே பதினைந்து நாளும் தொங்கட்டும், பல் டாக்டரிடமும் தானே பேசுகிறேன் என்றார். "கவிஞரே, அவன் குறிப்பைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதுங்க."

என்னிடம் வார்த்தை தயாராக இருந்தது. தாடியை நார் நாராகக் கிழிக்கிற மாதிரி ஒரு பக்கம், மனதுக்குள் பத்து நாளாக எழுதி வைத்திருந்தேன்.

"கிழிக்க வேணாம்" என்றாள் அக்கா. "அது அப்படியே இருக்கட்டும். கையெழுத்தோட, கண்ணாடி போட்டு, அதே இடத்துல. பக்கத்துல நான் சொல்றதை எழுதி மாட்டுங்க. அப்படின்னா தொங்கட்டும். இல்லைன்னா இப்பவே மடிச்சு எடுத்துட்டுப் போறேன்."

மடிக்கிறேன் என்ற சொல்லைக் கேட்டு மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வினைச்சொல்லைக்கூட என் பெட்டியிலிருந்து எடுக்க விடவில்லை. அவள் பெயர், சலவை நிலையத்தில் அவள் எண், ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த வார்டு, முதுகு யாருடையது, பழுப்பு எப்படி வந்தது, எத்தனை எண்ண வேண்டும், பக்கத்துக் குறிப்பில் இருப்பவர் இந்தத் துணிகளை எப்போது என்ன சொல்லி வாங்கிப் போனார். எட்டு வரி. திட்டு ஒன்றுகூட இல்லை. நான் பத்து நாளாக வைத்திருந்த பக்கத்தைவிட அது மோசமாக இருந்தது. அதாவது, அவனுக்கு.

கண்காட்சிக்கு அந்த வருடம்தான் அதிகக் கூட்டம். முதலில் தாடியின் குறிப்பைப் படிப்பார்கள். பிறகு அக்காவுடையதை. பிறகு திரும்பப் போய்த் தாடியுடையதைப் படிப்பார்கள். எல்லையற்ற முத்தத்துக்கு வரும்போது எல்லாரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். முடியில் தைத்த பெண்ணும் நாற்காலிக்காரரும் முதல் இரண்டு நாள் கோபமாக இருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களும் அங்கேதான் நின்றார்கள். நாற்காலிக்காரர் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தே பார்த்தார்.

ஆறாம் நாள் மதியம் அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். தேய்ப்புக் கூடத்தில் வரிசையாக மேசைகள், ஆவி, வெள்ளைத் துணி மலை. தாடி அங்கே நின்றுகொண்டிருந்தான். தாடி இல்லை, மழித்திருந்தான். சின்ன முகம்.

"தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க வேணும்னாலும் சொல்றேன், எழுதித் தரேன். அந்தத் தாளை மட்டும் எடுத்துடச் சொல்லு."

அக்கா ஒரு விரிப்பை விரித்து, தண்ணீர் தெளித்தாள். "பதினஞ்சு நாள்னு பேச்சு. இன்னும் ஒன்பது இருக்கு."

"ஒரு நாள் மட்டுமாவது எடுக்கச் சொல்லு. நாளைக்கு எங்கம்மா வர்றாங்க."

பெட்டி நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு.

"ஏழு மணி நேரம் பஸ்ல வர்றாங்க. என் பேர் சுவர்ல இருக்குன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"எங்கம்மா உனக்குத் தட்டு போட்டாங்களே, அப்ப எப்படிச் சாப்பிட்டே?" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் பெட்டியைத் தூக்கினாள். துணி தீயவில்லை. பக்கத்து மேசைப் பெண் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அக்கா மனது இளகுகிறவள்தான். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அவள்தான் அடி வாங்குவாள். எடுக்கச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுப் பையை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

அவள் விரிப்பைத் திருப்பிப் போட்டாள். மூலையைப் பார்த்தாள். எ.மு.

"வரட்டும்" என்றாள். "பத்து மணிக்குத் திறப்பாங்க."

அவன் மழித்த தாடையைத் தடவிக்கொண்டான். பிறகு போனான்.

மறுநாள் முதல் வகுப்புக்குப் போகவில்லை. ஒன்பதரைக்கே கலைக்கூடத்து வாசலில் நின்றேன். பத்தே கால் மணிக்கு ஒரு அம்மா தனியாக வந்தார். கையில் பை. பேருந்தில் கலையாமல் இருக்க முந்தானையை ஊசி குத்தி வைத்திருந்தார். பையனுக்குத் திடீரென்று காய்ச்சலாம். நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டானாம். மேடத்திடம் அதையும் அவரே விளக்கிச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

பத்துப் படத்தையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். மற்றவர்கள்போல அவசரப்படவில்லை. முதுகின் முன்னால் நீண்ட நேரம் நின்று, "யாரோ பாவம், வலியில படுத்திருக்காரு" என்று தனக்குத்தானே சொன்னார். அதைச் சரியாகச் சொன்னவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான். பிறகு குறிப்புகளிடம் வந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பையைத் துழாவினார். சுற்றிலும் பார்த்தார். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். என் பையனைப் பத்தி எழுதியிருக்காங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"சொல்றேன்மா."

"நல்லவிதமாத்தானே எழுதியிருக்கு?"

"நல்லாத்தான் எழுதியிருக்கு."

முதல் குறிப்பை அவன் பெயரிலிருந்து தொடங்கி, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் விடாமல் படித்தேன். துணி உடம்பை மறக்காது என்கிற வரியில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுது முடித்து என்கிற இடத்தில், "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், பொசுக்குனு அழுதுடுவான்" என்று சிரித்தார். கையெழுத்து இருக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி, கண்ணாடியின் மேலேயே விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவ்வளவுதானா தம்பி?"

"இன்னொண்ணு இருக்கும்மா" என்று சொல்லி, இரண்டாவது குறிப்பின் முன்னால் போய் நின்றேன்.